முத்திரை மட்டும் போட்டுக் கொடுங்க

நான் கலிஃபோர்னியாவில் நோட்டரி. கையெழுத்துப் போடுகிறவரை நேரில் பார்த்து, ஆள் அவர்தான் என்று உறுதிசெய்து முத்திரை போடுவது என் வேலை. போன வாரம் ஒருவர் போனில் கூப்பிட்டார். "அப்பா ஊர்லயே கையெழுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்பிட்டாருங்க. நீங்க முத்திரை மட்டும் போட்டுக் கொடுங்க, எவ்வளவு ஆனாலும் தர்றேன்." இந்தப் பேச்சைக் கேட்காமல் எனக்கு ஒரு மாதம் போவதில்லை. உங்கள் அப்பா என் எதிரில் வந்து உட்கார்ந்தால் போட்டுத் தருகிறேன், அவர் ஊரில் இருந்தால் அங்கேயே ஒரு நோட்டரியைப் பார்க்கட்டும் என்றேன். அவருக்குக் கோபம். நம்ம ஆளாச்சே என்று நம்பிக் கூப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஊரில் நோட்டரி என்றால் வக்கீல். 1952-ஆம் வருட நோட்டரிகள் சட்டத்தின் கீழ், பொதுவாகப் பத்து வருடம் வக்கீல் தொழில் பார்த்தவரைத்தான் அரசாங்கம் நோட்டரியாகப் போடுகிறது. கோர்ட் வாசலில் ஒரு மேசை, சிவப்பு சீல், பக்கத்தில் டைப் அடிப்பவர் என்று பார்த்துப் பழகியவர்களுக்கு, கலிஃபோர்னியாவில் ஒரு சாதாரணப் பெண் ஹோண்டா காரில் பேனாவும் மைப்பெட்டியும் எடுத்துக்கொண்டு வீடு தேடி வருகிறாள் என்பதே விநோதம். என்னைப் பல பேர் "வக்கீலம்மா" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் திருத்துகிறேன். நான் வக்கீல் இல்லை, சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. தமிழில் ஒரு விளம்பர நோட்டீஸ் அடித்தால்கூட இந்த வாக்கியத்தை ஆங்கிலத்திலும் தமிழிலும் போட்டு, கட்டணத்தையும் போட்டாக வேண்டும். அது இந்த மாநிலச் சட்டம்.

நான் இருப்பது ஃப்ரீமான்ட். 2019-இல் கணக்கு வேலையை விட்டபின் இதில் இறங்கினேன். நுழைவது கஷ்டமில்லை. பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், கலிஃபோர்னியாவில் குடியிருக்க வேண்டும். ஆறு மணி நேர வகுப்பு, ஒரு தேர்வு, 40 டாலர் கட்டணம், லைவ் ஸ்கேனில் கைரேகை கொடுத்து பின்னணி விசாரணை. எல்லாம் சரியாக இருந்தால் நான்கு வருடத்துக்கு நியமனம் வரும். அது தொடங்கும் தேதியிலிருந்து 30 நாளுக்குள் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் போல) கிளர்க்கிடம் போய் உறுதிமொழி எடுத்து, 15,000 டாலருக்கான ஜாமீன் பாண்டையும் தாக்கல் செய்ய வேண்டும். 31-ஆம் நாள் போனால் எல்லாம் வீண், முதலிலிருந்து விண்ணப்பம். இந்த பாண்ட் நம்மைக் காப்பாற்றும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது பொதுமக்களுக்கான பாதுகாப்பு. நம் தவறால் ஒருவருக்கு நஷ்டம் வந்து பாண்ட் கம்பெனி பணம் கொடுத்தால், அந்தப் பணத்தை நம்மிடம்தான் திரும்ப வசூலிக்கும். அதனால் தவறுகளுக்கான இன்சூரன்ஸ் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வருமானத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். சட்டப்படி ஒரு கையெழுத்துக்கு 15 டாலருக்கு மேல் வாங்க முடியாது. ஆனால் நான் அங்கே போவதற்கான பயணக் கட்டணம் தனி, அதற்கு இந்த மாநிலத்தில் உச்சவரம்பு இல்லை, போனிலேயே பேசி முடித்துக்கொள்வோம். ஃப்ரீமான்ட், நியூவார்க் பக்கம் என்றால் 50 டாலர், டம்பார்ட்டன் பாலம் தாண்டினால் 80, ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரி என்றால் இன்னும் கொஞ்சம் கூட. ரசீதில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். வருமான வரி இரண்டுக்கும் உண்டு, ஆனால் நோட்டரி கட்டணத்துக்கு 15.3% சுயதொழில் வரி கிடையாது, பயணக் கட்டணத்துக்கு உண்டு. முதல் வருடம் இது தெரியாமல் மொத்தமாகப் போட்டுக் கட்டினேன். மைல் கணக்கையும் அன்றன்றே எழுதி வையுங்கள், 2025-க்கு மைலுக்கு 70 சென்ட் கழித்துக்கொள்ளலாம்.

2020, 2021 இரண்டு வருடமும் எனக்குத் தூக்கமில்லை. வீட்டுக் கடன் வட்டி விழுந்துகொண்டே வந்து 2021 ஜனவரியில் 30 வருடக் கடனுக்கு 2.65% வரை போனது. இந்த சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வீடு வைத்திருந்தவர்கள் எல்லோரும் பழைய கடனை அடைத்துக் குறைந்த வட்டிக்கு ரீஃபைனான்ஸ் செய்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. வீட்டுப் பத்திர வேலைகளைப் பார்க்கும் டைட்டில் கம்பெனியோ, அவர்களுக்கு நோட்டரி பிடித்துத் தரும் சைனிங் சர்வீஸோ மதியம் கூப்பிடும், நான்கு மணிக்குக் கோப்பு வரும், 150 பக்கம், இரண்டு பிரதி, லெட்டர் தாளும் லீகல் தாளும் கலந்து. அதற்காகவே இரண்டு தட்டு வைத்த லேசர் பிரின்டர் வாங்கினேன். ஆறு மணிக்கு யூனியன் சிட்டியில் ஒரு குடும்பம், எட்டு மணிக்கு ஹேவர்டில் இன்னொன்று, மாஸ்க் போட்டுக்கொண்டு கராஜில் மடக்கு மேசை விரித்துக் கையெழுத்து வாங்கி, திரும்பி வந்து எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, காலையில் ஃபெடெக்ஸில் போட வேண்டும். ஒரு தேதி விட்டுப்போனாலும் கடன் அன்றைக்கு முடியாது. காசு நன்றாக வந்தது. பிறகு வட்டி ஏறியது. 2022 அக்டோபர் கடைசியில் 7 சதவீதத்தைத் தாண்டியது. இரண்டரை சதவீதத்தில் கடன் வாங்கி வைத்தவன் ஏழுக்கு எதற்கு மாறப் போகிறான்? என் போன் ஒலிப்பது நின்றது. அந்தச் சமயத்தில்தான் ஒரு சைனிங் சர்வீஸ் பதினோரு வேலைக்கான பணத்தைக் கொடுக்காமல் இழுத்து இழுத்து, கடைசியில் மின்னஞ்சலுக்குக்கூடப் பதில் போடுவதை நிறுத்தியது. என் கூட ஆரம்பித்த நான்கு பேரில் மூன்று பேர் தொழிலை விட்டார்கள்.

நான் விடாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு, அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. கலிஃபோர்னியாவில் கையெழுத்துப் போடுகிறவரும் நோட்டரியும் நேரடியாகப் பேசிக்கொள்ள முடிய வேண்டும். நடுவில் மொழிபெயர்ப்பாளர் வைக்கக் கூடாது. பத்திரம் எந்த மொழியில் வேண்டுமானாலும் இருக்கலாம், நோட்டரிக்கு அது படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் ஆள் பேசுவது புரிய வேண்டும். இதை முதல் வகுப்பிலேயே சொல்லித்தந்தார்கள், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடன் வேலை நின்றுபோன மாதங்களில்தான் உறைத்தது. மகன் வீட்டுக்கு வந்திருக்கும், தமிழ் மட்டுமே பேசும் அம்மாக்கள், அப்பாக்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! ஊரிலுள்ள வீட்டை, நிலத்தைப் பார்த்துக்கொள்ள உறவுக்காரருக்குப் பவர் எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள். பேங்கில் உள்ள நோட்டரி அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார், மகன் பக்கத்தில் நின்று எவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசினாலும். திருப்பி அனுப்புவதுதான் சரியும்கூட. லிவர்மோர் கோவிலில் ஒருவரிடம் பேச, அவர் இன்னொருவரிடம் சொல்ல, ஆறு மாதத்தில் எனக்கு வாரம் நாலைந்து வேலை இப்படி வர ஆரம்பித்தது.

இந்த வேலையில் பாதி, காரை எடுப்பதற்கு முன்பே போனில் முடிந்துவிடுகிறது. யார் கையெழுத்துப் போடுகிறார்? அவரிடம் நான் இப்போதே ஒரு நிமிடம் பேசலாமா? என்ன அடையாள அட்டை, எந்தத் தேதியில் கொடுத்தது? காலாவதியாகாத அட்டை வேண்டும், காலாவதியாகியிருந்தால் கொடுத்து ஐந்து வருடத்துக்குள் இருக்க வேண்டும். ஆதார் அட்டை செல்லாது. இந்தியப் பாஸ்போர்ட் செல்லும், 2017 முதல் அதில் அமெரிக்கக் குடியேற்ற முத்திரை இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பத்திரத்தில் கோடிட்ட இடம் ஏதாவது நிரப்பாமல் இருக்கிறதா? இருந்தால் நான் தொட முடியாது, வக்கீலிடம் கேட்டு நிரப்பி வையுங்கள். டிகிரி சர்டிஃபிகேட் நகலுக்கு அட்டஸ்டேஷன் வேண்டும் என்பார்கள், கெஜட்டட் ஆஃபீசர் பச்சை மையில் போடுவாரே அதுபோல. அந்த அதிகாரம் எனக்கு இல்லை. இங்கே நோட்டரி சான்றளிக்கக்கூடிய நகல் பவர் பத்திரத்தின் நகலும் தான் செய்த வேலைகளைப் பதிந்து வைக்கும் ஜர்னல் நோட்டின் பக்கமும்தான். சரி, அப்போ என்ன வழி என்றால், இது என் சான்றிதழின் உண்மை நகல் என்று சொந்தக்காரரே ஒரு உறுதிமொழி எழுதி என் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்திடலாம். அதைக் கேட்ட இடத்தில் ஏற்றுக்கொள்வார்களா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு.

அப்புறம் பெயர். நம் பெயர்களோடு படும் பாட்டைத் தமிழர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. தாய்ப் பத்திரத்தில் கே. முத்துசாமி. பாஸ்போர்ட்டில் முத்துசாமி கருப்பண்ணன், அல்லது சர்நேம் கட்டத்தில் முழுப்பெயரும் ஏறி, மற்ற கட்டம் காலியாகி, அமெரிக்க விசாவில் எஃப்.என்.யு (முதற்பெயர் தெரியவில்லை) என்று முன்னால் ஒட்டிக்கொண்டு வரும். என் முன்னால் இருக்கும் ஆள்தான் பத்திரத்தில் உள்ள ஆள் என்பதை நான் பொய்ச்சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டு எழுதித் தருகிறேன். அதனால் பத்திரம் எழுதும் வக்கீலிடம் பாஸ்போர்ட் நகலை முதலில் அனுப்பி, "முத்துசாமி கருப்பண்ணன் என்கிற கே. முத்துசாமி" என்று எழுதச் சொல்லுங்கள் என்று கூப்பிடுகிற எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு வரி இல்லாமல் சார் பதிவாளர் அலுவலகம் வரை போய்த் திரும்பி வந்த பவர்கள் எனக்குத் தெரிந்தே ஏழெட்டு.

நான் போட்ட சீலோடு மட்டும் பத்திரம் ஊருக்குப் போய்விட முடியாது, அபோஸ்டில் வேண்டும், அதாவது என் கையெழுத்தும் சீலும் உண்மை என்று மாநில அரசு தரும் சான்று. அதற்கான சர்வதேச ஒப்பந்தம் இந்தியாவில் 2005-இல் அமலுக்கு வந்தது. சேக்ரமென்டோவில் மாநிலச் செயலர் அலுவலகத்தில் ஒன்றுக்கு 20 டாலர், நேரில் போனால் கூடுதலாக 6 டாலர், லாஸ் ஏஞ்சலஸிலும் ஓர் அலுவலகம் இருக்கிறது. சிலர் இந்தியத் தூதரகம் வழியாகப் போகிறார்கள். எது வேண்டும் என்பதை ஊரில் பத்திரம் பதிவு செய்யப்போகிற வக்கீலிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை வேலையை முடித்தாக வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். 2020-இல் டிரேசியில் ஒரு வீட்டுப் பத்திரம். மாலை நேரம், அவசரம், சீலை அச்செழுத்தின் மேலேயே போட்டுவிட்டேன். அப்போதே தெரிந்தது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பதிவுக்குப் போன இடத்திலிருந்து திரும்பி வந்தது, சீல் படிக்கும்படி இல்லை என்று. முடிந்துபோன சான்றிதழை நான் தனியாக உட்கார்ந்து திருத்த முடியாது, ஆள் மறுபடி நேரில் வர வேண்டும், புதிதாகச் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆல்டமாண்ட் கணவாயில் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்க இரண்டு மணி நேரம் ஓட்டிப் போனேன். அந்த வீட்டம்மா ஒரு சொல் குறை சொல்லவில்லை, டீ போட்டுக் கொடுத்தார். பணம் வாங்கவில்லை. அன்று முதல் தனித்தாளில் அச்சிட்ட சான்றிதழ்கள் பத்து என் பையில் எப்போதும் இருக்கும், பத்திரத்தில் இடம் இல்லையென்றால் அதில் சீல் போட்டு இணைத்துவிடுவேன்.

ஆஸ்பத்திரி வேலைகளுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. போவதற்கு முன் நர்ஸிடம் பேசுங்கள். வலி மருந்து கொடுத்து எவ்வளவு நேரம் ஆயிற்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வருகிறதா என்று கேளுங்கள். போனபின் நோயாளி தூங்கினால் எழுப்பிக் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கப் பார்ப்பார்கள், குடும்பத்தின் தவிப்பு அப்படி. வேண்டாம் என்று சொல்லி வெளியே வந்திருக்கிறேன். பயணக் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொள்வேன், அதையும் முன்பே சொல்லியிருப்பேன்.

ஒரு வீட்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். மில்பிடஸில் ஓர் அபார்ட்மென்ட், சாயங்காலம் ஏழு மணி. கரூர்ப் பக்கத்து அம்மா, எழுபத்தைந்து வயதுக்கு மேல், மகன் வீட்டுக்கு வந்து நான்கு மாதம். ஊர் வீட்டுக்குத் தம்பி மகன் பெயரில் பவர். மகன் எல்லாவற்றையும் ஒழுங்காகத் தயார் செய்திருந்தார், பாஸ்போர்ட், பத்திரம், பக்கத்து வீட்டு ஆட்கள் இருவர் சாட்சிக்கு. அம்மாவுக்கு எழுதத் தெரியாது, கைநாட்டுதான். அதற்கு இங்கே வழி இருக்கிறது. இரண்டு சாட்சிகள் பார்க்க அவர் அடையாளம் வைக்க வேண்டும், ஒரு சாட்சி பக்கத்தில் அவர் பெயரை எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும்.

நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். "அம்மா, இது என்ன பத்திரம்னு சொல்லுங்க?"

"ஊட்டு வாடகை வாங்கறதுக்கும் பட்டா மாத்தறதுக்கும் தம்பி பையனுக்கு எழுதிக் குடுக்கறேன்."

மேல் பக்கத்தில் விற்கவும் கிரயம் செய்யவும் என்ற சொற்கள் என் கண்ணில் பட்டன. பத்திரம் தமிழில்தான் இருந்தது, அதனால் பட்டது. நான் விளக்கக் கூடாது. விளக்கினால் என் எல்லையைத் தாண்டுகிறேன், பேசாமல் இருந்தால் அந்தம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்க்கப் போகிறேன். "இதை எழுதின வக்கீலை இப்பவே கூப்பிட முடியுமா? அம்மா அவர்கிட்டயே ஒரு தடவை கேட்டுக்கட்டும்" என்றேன். ஊரில் காலை ஏழரை. வக்கீல் எடுத்தார், ஸ்பீக்கரில் போட்டோம், அவர் பத்தி பத்தியாகப் படித்தார். மூன்றாவது பத்தி வந்ததும் அந்தம்மா மகனைப் பார்த்தார்.

"விக்கறதுக்கும் சேத்தா எழுதியிருக்கு?"

மகன் முகத்தில் நிஜமான அதிர்ச்சி. அவரும் படிக்கவில்லை. எல்லோரும் எழுதுகிற வழக்கமான பவர் என்று நினைத்து, வந்த கோப்பை அப்படியே அச்செடுத்திருந்தார். அந்தம்மா மைப்பெட்டியை என் பக்கம் தள்ளி வைத்தார். "அப்ப நான் வெக்க மாட்டேன்." அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. நான் ஜர்னலை மூடிப் பையில் வைத்தேன். மகன் பயணக் கட்டணத்தைக் கொடுத்து, கீழே கார் வரை வந்து, "தேங்க்ஸ்ங்க அக்கா, நான் பார்க்காம விட்டுட்டேன்" என்றார். பேங்கில் யாராவது மகன் வழியாகவே கேட்டு முடித்திருந்தால் அந்த வீடு என்ன ஆகியிருக்கும் என்று 880 நெடுஞ்சாலையில் திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். எனக்கு ஊரில் இப்படி ஒரு அப்பத்தா இருந்தார்.

பத்து நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். புதுப் பத்திரம், வாடகையும் பட்டாவும் வரியும் மட்டும். வக்கீலை அந்தம்மாவே முதலில் கூப்பிட்டுக் கேட்டு முடித்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார். பத்திரத்தில் கைநாட்டு வைத்தாயிற்று, சாட்சிகள் எழுதியாயிற்று. அடுத்து ஜர்னலைத் திறந்தேன். பவர் பத்திரம் என்றால் அதில் கைரேகை கட்டாயம், வாங்காமல் விட்டால் 2,500 டாலர் வரை அபராதம். அவர் கையெழுத்துக்குப் பதிலாக அதிலும் அடையாளம் வைக்க வேண்டும், ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தம்மா குனிந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். முந்தின வரிகளில் வேறு ஆட்களின் ரேகைகள், மற்ற விவரத்தை நான் ஒரு அட்டையால் மறைத்திருந்தேன்.

"இந்த நோட்டு யாருகிட்ட இருக்கும்?"

"என்கிட்டதாம்மா. பூட்டி வெச்சிருப்பேன். வேற யாரும் தொடக் கூடாது."

"நீ இந்த வேலைய உட்டுட்டா?"

"முப்பது நாளைக்குள்ள கவுண்டி ஆஃபீஸ்ல கொண்டுபோய் ஒப்படைக்கணும். அங்க இருக்கும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்பச் சரி" என்று சொல்லி, கட்டைவிரலை மையில் வைத்து, அவராகவே அந்தக் கட்டத்துக்குள் அழுத்தினார்.